டேங்கில் எழுதிய நாடு

ஒரு பொருள் எந்த நாட்டில் செய்தது என்று பார்க்கும் பழக்கத்தை விருதுநகர் மாவட்டத்துக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சுவீடன் தீப்பெட்டியும் ஜப்பான் தீப்பெட்டியும் கடைகளை நிறைத்திருந்த 1920களில்தான் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்தார்கள். நூறு வருஷம் கழித்து அந்தத் தொழிலுக்கு எமனாக வந்து நின்றது சீன லைட்டர். இறக்குமதி விலை இருபது ரூபாய்க்குக் கீழே உள்ள லைட்டர்களுக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை போட்டது. முழு லைட்டராக வந்தால்தானே தடை? பாகங்களாக இறக்கி இங்கே கோத்தார்கள். 2024 அக்டோபரில் பாகங்களுக்கும் தடை வந்தது. பட்டாசுக் கதையும் இதேதான். 2014 வாக்கில் கள்ளத்தனமாக வந்திறங்கிய சீனப் பட்டாசைப் பற்றி இந்தப் பக்கம் பேசாத டீக்கடை இல்லை.

இப்படி நாடு பார்த்துப் பழகிய மாவட்டத்தில், காரியாபட்டிக்காரர் ஒருவர் பைக் வாங்கக் கிளம்புகிறார். உள்ளூரில் பார்ப்பார், அருப்புக்கோட்டையில் விசாரிப்பார், மதுரையில் பேரம் பேசுவார். மூன்று இடத்திலும் அவர் வாயில் வராத ஒரு கேள்வி உண்டு: ‘இது எந்த நாட்டு வண்டி?’ நாற்பது வருஷத்துக்கு முன்னால் அதுதான் முதல் கேள்வி. அது எப்படிக் காணாமல் போனது, உண்மையிலேயே காணாமல்தான் போனதா என்று பார்ப்பது சுவாரசியமானது.

காலால் அறிந்த தேசங்கள்

காரியாபட்டி பட்டாசு ஊர் அல்ல, மானாவாரி ஊர். பருத்தி, மல்லி, மிளகாய், சோளம் என்று வானத்தைப் பார்த்து விதைக்கும் பூமி. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் இங்கே வண்டி என்றால் மாட்டு வண்டி, அதற்கடுத்து சைக்கிள். மோட்டார் சைக்கிள் நிற்கிற வீடு என்றால் மில் முதலாளி வீடு, டாக்டர் வீடு, கான்ட்ராக்டர் வீடு என்று விரல்விட்டு எண்ணிவிடலாம்.

அந்த வண்டிகள் எல்லாவற்றுக்கும் கடல் கடந்த பூர்வீகம் இருந்தது. புல்லட்டுக்கு இங்கிலாந்தின் ரெட்டிச். மெட்ராஸ் மோட்டார்ஸும் ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. முதலில் ரெட்டிச்சிலிருந்து பாகங்கள் கப்பலில் வரும், திருவொற்றியூரில் கோப்பார்கள். லைட்டர் வியாபாரிகள் பின்னாளில் செய்ததும் இதே வித்தைதான். ஒரு வித்தியாசம், திருவொற்றியூரில் கோப்பதோடு நிற்கவில்லை. 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். இங்கிலாந்தில் தாய்க் கம்பெனி 1970-இல் மூச்சை நிறுத்தியபோது, புல்லட் திருவொற்றியூரில் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாவா செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து மைசூருக்கு வந்தது. 1973 முதல் யெஸ்டி என்று பெயர் மாறியது. ராஜ்தூத்தின் பூர்வீகம் போலந்து, பிறந்தது ஃபரிதாபாத். லாம்ப்ரெட்டாவும் வெஸ்பாவும் இத்தாலி. பனிப்போரில் எதிரெதிரே நின்ற நாடுகள் நம் ஊர்ப் பட்டறையில் பக்கம் பக்கமாக நின்றன.

அந்த நாளில் நாட்டை வண்டியின் பெயர்ப்பலகையில் தேட வேண்டாம், காலை வைத்தால் தெரியும். புல்லட்டுக்கு கியர் வலது காலில், பிரேக் இடது காலில்; அது இங்கிலீஷ் வழக்கம். ஜாவாவில் கிக்கரும் கியரும் ஒரே தண்டு. உதைத்து ஸ்டார்ட் செய்துவிட்டு அதே தண்டை முன்னால் மடக்கினால் கியர் போடலாம். இத்தாலி ஸ்கூட்டரில் கியர் காலிலேயே இல்லை, இடது கைப்பிடியைத் திருக வேண்டும். புல்லட் ஓட்டிப் பழகியவர் அவசரத்தில் வேறு வண்டியை வாங்கி ஓட்டி, பிரேக் என்று நினைத்து கியரை மிதிப்பது அந்தக் காலத்து வாடிக்கையான வேடிக்கை.

ஆனால் இத்தனை நாடுகள் இருந்தும் வாங்குபவருக்குத் தேர்வு என்று பெரிதாக இல்லை. அரசாங்கம் எந்தக் கம்பெனிக்கு லைசென்ஸ் கொடுத்ததோ, அந்தக் கம்பெனி எந்த நாட்டோடு கை கோத்ததோ, அதுதான் நம் நாடு. பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்துவிட்டுப் பத்து வருஷம் வரைக்கும் காத்திருந்தவர்கள் உண்டு. கல்யாணத்துக்குப் பதிந்த வண்டி, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விடும் வயதில் வந்து சேரும். வெளிநாட்டில் சொந்தம் இருந்து, அந்நியச் செலாவணியில் பணம் கட்டினால் வரிசையைத் தாண்டிக்கொண்டு வாங்கலாம். அன்றைக்கு வெளிநாடு வண்டியில் இருந்ததைவிட வண்டிக்குக் கட்டிய பணத்தில்தான் அதிகம் தேவைப்பட்டது.

ஜப்பான் வந்த வருஷம்

எண்பதுகளில் நூறு சிசி வரை ஜப்பான் கம்பெனிகளோடு கூட்டுச் சேர அரசு கதவைத் திறந்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏ.எக்ஸ்.100. 1985-இல் ஹீரோ ஹோண்டா சி.டி.100, அதே வருஷம் யமஹா ஆர்.எக்ஸ்.100. 1986-இல் கவாசாகி பஜாஜ். விருதுநகரைத் தலைநகராக வைத்துத் தனி மாவட்டம் பிறந்ததும் 1985 மார்ச்சில்தான். மாவட்டத்துக்கும் ஜப்பான் பைக்குக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

பெட்ரோல் டேங்கில் இரண்டு பெயர்கள் சேர்ந்து வந்த காலம் அது. ஹீரோவுக்குப் பக்கத்தில் ஹோண்டா, டி.வி.எஸ்ஸுக்குப் பக்கத்தில் சுசுகி, கவாசாகிக்குப் பக்கத்தில் பஜாஜ். இந்தியப் பெயரைவிட ஜப்பான் பெயருக்குத்தான் மவுசு. சும்மா வந்த மவுசு அல்ல. அதுவரை பட்டறைக்காரருக்கு மாதச் சம்பளம் மாதிரி கொடுத்துவந்த வண்டிக்காரர்கள், சி.டி.100 வாங்கிய பிறகு அவரை எப்போதாவதுதான் பார்த்தார்கள். லிட்டருக்கு எண்பது கிலோமீட்டர் என்றது விளம்பரம். அதில் பாதிக்குமேல் கிடைத்தாலே விவசாயிக்கு லாபம். நாலு ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று தெரியாதவருக்கும் ‘ஜப்பான் இன்ஜின்’ என்றால் புரிந்தது. வேறு சாட்சி இல்லாத காலத்தில் நாட்டின் பெயர் ஒரு ஜாமீன் கையெழுத்தாக இருந்தது.

அந்த ஜாமீன் ஒரே ஒரு வண்டியில் இன்றும் செல்லுபடியாகிறது. ஆர்.எக்ஸ்.100 தயாரிப்பு 1996-இல் நின்றுவிட்டது. ஆனால் நல்ல நிலையில் இருக்கும் ஒன்று விலைக்கு வருகிறது என்றால் காரியாபட்டிப் பையன் மதுரை வரைக்கும் போய்ப் பார்ப்பான். பார்க்கும் விதமே தனி. முதலில் கிக்கரை ஒரு உதை. புகையின் வாசனையை முகர்வான். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து செல்போன் லைட்டை இன்ஜின் அடியில் அடிப்பான். ஆரம்ப வருஷத்து வண்டிகளில் பல பாகங்கள் ஜப்பானிலிருந்தே வந்தவை என்பதால், வார்ப்பில் ஏதாவது எழுத்துத் தெரிகிறதா, இன்ஜின் நம்பர் எந்த வருஷத்தைக் காட்டுகிறது என்று தேடுவான். ‘ஜப்பான் மாடல்ணே’ என்று விற்பவர் ஒரு வார்த்தை சொன்னால் விலையில் சில ஆயிரம் ஏறும். அதை மெய்ப்பிக்கக் கூட வந்த மெக்கானிக்கின் தலையசைப்பு தேவைப்படும். முப்பது வருஷத்துக்கு முன் நின்றுபோன வண்டிக்கு மட்டும் நாடு கேட்கிறோம் என்பதைக் கவனியுங்கள். அது வண்டி வாங்குவதில் சேராது, பழம்பொருள் வாங்குவதில் சேரும்.

இந்த ஜப்பான் மோகத்துக்கு நடுவே எந்த நாட்டுப் பெயரும் இல்லாமல் ஒரு வண்டி ஊரையே பிடித்தது. 1980-இல் வந்த டி.வி.எஸ்.50. டி.வி.சுந்தரம் அய்யங்கார் 1911-இல் மதுரையில் தொடங்கிய வியாபாரத்தின் வழிவந்த பெயர். காரியாபட்டியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் மதுரை. அதனால் அது உள்நாட்டு வண்டிகூட அல்ல, பக்கத்து ஊர் வண்டி. முன்னால் பால் கேன், பின்னால் புல்லுக்கட்டு, நடுவில் வேட்டியை மடித்துக் கட்டிய ஆள். அதன் வாரிசான எக்ஸ்.எல்.100 இன்றைக்கும் அதே சுமையோடுதான் வரப்போரப் பாதையில் வருகிறது. ஜப்பானைக் கொண்டாடிய ஊர், வேலைக்கு என்று வந்தபோது மதுரைப் பெயரைத்தான் நம்பியது.

பெயர் போன பிறகு

நாடு உண்மையிலேயே வாங்குபவருக்கு முக்கியமா என்பதற்கு இந்தியச் சந்தை இரண்டு பெரிய சோதனைகளை நடத்திக் காட்டியது. 2001-இல் டி.வி.எஸ்ஸும் சுசுகியும் பிரிந்தன. அதே வருஷம் டி.வி.எஸ் தன் சொந்த வடிவமைப்பில் விக்டர் பைக்கை இறக்கியது, நன்றாகவே ஓடியது. 2010 டிசம்பரில் ஹீரோவும் ஹோண்டாவும் பிரிவதாக அறிவித்தன. உலகிலேயே அதிகம் விற்ற கம்பெனியின் டேங்கிலிருந்து ஜப்பான் பெயர் அழியப் போகிறது, இனி யார் வாங்குவார்கள் என்று சந்தை நிபுணர்கள் கவலைப்பட்டார்கள்.

காரியாபட்டி கவலைப்படவில்லை. ஸ்ப்ளெண்டர் டேங்கில் ஹீரோ மட்டும் நின்றது. வாங்குபவர் வாங்கிக்கொண்டே இருந்தார். 97.2 சிசி இன்ஜின் பழைய ஹோண்டா வம்சம்தான். அதன் பாகங்கள் பேருக்கு ஒரு கடை இருக்கும் ஊரில்கூடக் கிடைத்தன. அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றி மாட்டப் பட்டறைக்கு ஒரு பையன் இருந்தான். ஜப்பான் கொடுத்த ஜாமீன் இருபத்தைந்து வருஷத்தில் தீர்ந்துபோய், அந்த இடத்தில் உள்ளூர் அனுபவம் உட்கார்ந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் பத்து வருஷம் ஓட்டிய வண்டி என்பதைவிடப் பெரிய சர்ட்டிஃபிகேட் எது?

அதனால்தான் இன்றைய ஷோரூம் கேள்விகள் வேறு. ‘லிட்டருக்கு எவ்வளவுணே கொடுக்கும்?’ ‘முன்பணம் எவ்வளவு, மாசத்துக்கு எவ்வளவு?’ ‘சர்வீஸ் இங்கனயே இருக்கா, மதுரைக்குப் போகணுமா?’ ‘நாலு வருஷம் கழிச்சு வித்தா என்ன போகும்?’ பையன் உடன் வந்திருந்தால் நிறமும் சைலன்ஸர் சத்தமும் சேரும். அரசாங்கத்தின் கணக்கிலும் இங்கே செய்த வண்டிக்குப் பெயரின் நாடு முக்கியமில்லை. 2025 செப்டம்பர் முதல் 350 சிசி வரைக்கும் 18 சதவீத ஜி.எஸ்.டி., அதற்கு மேல் 40. டேங்கில் எந்த நாட்டுப் பெயர் இருந்தாலும் இதே கணக்கு. முழு வண்டியாகக் கப்பலில் வந்தால்தான் சுங்கவரி என்று நாடு குறுக்கே வரும்.

இன்னொரு காரணம், நாட்டைப் பிரித்துப் பார்ப்பதே இன்று கஷ்டம். ட்ரையம்ஃப் இங்கிலாந்துப் பெயர். 2023-இல் வந்த ஸ்பீடு 400-ஐ பஜாஜ் புனே பக்கத்துச் சாக்கனில் செய்கிறது. 2012 முதல் கல்லூரிப் பையன்களைக் கிறங்கடித்துவரும் ஆரஞ்சு நிறக் கே.டி.எம். ட்யூக், பெயரில் ஆஸ்திரியா, பிறப்பில் அதே சாக்கன். பி.எம்.டபிள்யூவின் 310 சிசி வண்டிகள் ஜெர்மன் சின்னத்தோடு ஓசூரில் டி.வி.எஸ். ஆலையில் பிறந்தவை. பெனெல்லி என்றதும் இத்தாலி என்கிறோம். 2005-லேயே அது சீனக் கம்பெனி கைக்குப் போய்விட்டது. மறுபக்கம், நூற்றாண்டுப் பழமையான இங்கிலாந்தின் நார்ட்டனை 2020-இல் டி.வி.எஸ். வாங்கிவிட்டது. இங்கிலீஷ் பரம்பரையில் வந்த புல்லட்டுக்கும் ஜப்பான் யமஹாவுக்கும் இன்று காஞ்சிபுரம் மாவட்டத்து வல்லம் வடகால் சிப்காட்டில் ஆலை இருக்கிறது.

சந்தேகம் இருந்தால் எந்த வண்டியிலும் சரிபார்க்கலாம். ஹேண்டிலை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பிவிட்டுக் கழுத்துப் பகுதியைப் பாருங்கள். பதினேழு எழுத்தும் எண்ணுமாக சேசிஸ் நம்பர் அடித்திருக்கும், ஆர்.சி. புத்தகத்திலும் இருக்கும். முதல் எழுத்து ‘ஜே’ என்றால் ஜப்பான், ‘எல்’ என்றால் சீனா. ‘எம்’ வந்து அடுத்து ‘ஏ’ முதல் ‘ஈ’ வரை ஏதாவது வந்தால் இந்தியா. காரியாபட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும் ஹோண்டாவோ யமஹாவோ, அநேகமாக எல்லாமே ‘எம்’மில்தான் தொடங்கும். டேங்க் ஒரு நாட்டைச் சொல்லும். கழுத்து வேறு நாட்டைச் சொல்லும்.

இங்கே ஒரு நுணுக்கம். வல்லம் வடகாலிலும் ஒரகடத்திலும் ஓசூரிலும் தென்மாவட்டத்து ஐ.டி.ஐ., டிப்ளமோ பையன்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த வீடுகளில் மட்டும் வண்டி எங்கே செய்தது என்பது பேச்சில் அடிபடும். ‘எங்க மச்சான் லைன்ல செஞ்ச வண்டியாக்கும்’ என்று சொல்லும்போது அதில் ஒரு பெருமை இருக்கும். அது வாங்குபவரின் குரல் அல்ல, செய்கிறவரின் குரல்.

மூடிய பெட்டி

நாடு என்ற கேள்வி அப்படியே அடங்கிவிட்டது என்று நினைக்கும்போது, மின்சார ஸ்கூட்டர் அதை வேறு ரூபத்தில் கிளப்பிவிட்டது. ஏத்தர் ஓசூரில் செய்கிறது. ஓலா 2021 முதல் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியில். பெயர் இந்தியா, ஆலை தமிழ்நாடு. ஆனால் வண்டி விலையில் பெரும்பங்கை விழுங்கும் பேட்டரியின் செல்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வருகின்றன, முக்கியமாகச் சீனாவிலிருந்து. உள்நாட்டுப் பாகங்கள் இருந்தால்தான் மானியம் என்று அரசு விதி வைத்தது. சில கம்பெனிகள் சீனப் பாகங்களைக் கோத்து விற்றுவிட்டு மானியம் வாங்கியதாகச் சிக்கிக்கொண்டன.

2025 ஏப்ரலில் சீனா அரிய மண் காந்தங்களின் ஏற்றுமதிக்குக் கடிவாளம் போட்டது. மோட்டாருக்குள் இருக்கும் சின்னக் காந்தம். அது வராமல் போனதும் இந்தியாவின் பெரிய கம்பெனிகளே மின் ஸ்கூட்டர் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. வாங்குபவர் கேட்க மறந்த கேள்வியை ஒரு கப்பல் தாமதமாகி நினைவூட்டியது.

பட்டறைகளின் பார்வையில் இது இன்னும் கூர்மையானது. ஜாவாவானாலும் ஜப்பானானாலும் மெக்கானிக் கழற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அவர் கை பட்டதும் எந்த நாட்டு வண்டியும் உள்ளூர் வண்டி ஆகிவிட்டது. பேட்டரிப் பெட்டியை அவர் திறக்க முடியாது. திறந்தால் வாரண்டி போச்சு, தெரியாமல் தொட்டால் ஆபத்து. உள்ளூர்க் கை புகாத பொருளில் நாடு மறுபடி முக்கியமாகிறது. அதனால்தான் ‘பேட்டரி சைனாவா?’ என்ற கேள்வி மின் வண்டி விசாரிப்பில் மட்டும் தலை காட்டுகிறது. 1985-இல் ‘ஜப்பானா?’ என்று கேட்டதும் இன்று ‘சைனாவா?’ என்று கேட்பதும் ஒரே பயத்தின் இரண்டு முகங்கள். உள்ளே இருப்பது தெரியாதபோது ஊர்ப் பெயரைக் கேட்கிறோம்.

நம்மைப் பார்த்துக் கேட்கிறவர்கள்

இதற்கிடையில் இந்தக் கேள்வியை நம் பக்கம் திருப்பிக் கேட்கும் ஊர்களும் உண்டு. 1977-இல் புல்லட் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானபோது, தங்கள் ஊர் வண்டியின் மெட்ராஸ் பதிப்பை அந்த ஊர்க்காரர்கள் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்த்தார்கள். அதே கம்பெனி 2024-25 நிதியாண்டில் பத்து லட்சம் வண்டிகளுக்கு மேல் விற்றது. அதில் ஒரு லட்சத்துக்கு மேல் ஏற்றுமதி. யாழ்ப்பாணத்தில் ஜப்பானிலிருந்து இறங்கிய பழைய ஹோண்டா எம்.டி.90-க்கும் சாலிக்கும் தனி மரியாதை உண்டு. ஆனால் தினசரி ஓட்டத்துக்கு வீதியை நிறைப்பவை பஜாஜும் டி.வி.எஸ்ஸும். அங்கே இந்தியா என்பது நம் ஊரில் அன்றைக்கு ஜப்பான் இருந்த இடத்துக்கும் சீனா இருக்கும் இடத்துக்கும் நடுவில் எங்கோ நிற்கிறது: மலிவு, பாகம் கிடைக்கும், ஆனால் ஜப்பான் ஜப்பான்தான்.

இதிலிருந்து எனக்குத் தெரிவது ஒன்றுதான். நாட்டைக் கேட்பது செய்கிறவரின் கேள்வி; வாங்குபவர் கேட்பது நம்பிக்கையை. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் இந்த மாவட்டம் செய்கிற இடத்தில் நிற்கிறது, அதனால் சீனா என்ற பெயர் கேட்டால் சுள்ளென்கிறது. பைக்குக்கு நாம் வாங்குகிற இடத்தில் நிற்கிறோம், அதனால் மைலேஜைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறோம். சீன லைட்டரை வாங்கிப் பற்றவைத்த கைகளில் தீப்பெட்டி ஊர்க் கைகளும் இருந்திருக்கும். பத்து ரூபாய்க்குக் கிடைத்தால் யார் கேட்கப்போகிறார்கள்? லைட்டருக்குத் தடை வந்தது வாங்குபவர் மனம் மாறியதால் அல்ல, செய்கிறவர்கள் சேர்ந்து குரல் கொடுத்ததால்.

ஆகவே நாடு பார்த்து வண்டி வாங்குங்கள் என்று அறிவுரை சொல்வதில் அர்த்தமில்லை. காரியாபட்டி ஒருநாளும் அப்படி வாங்கியதில்லை. ஜப்பானைக் கேட்ட காலத்திலும் அது கேட்டது வண்டி நடுவழியில் நிற்காது என்ற உறுதியைத்தான். அந்த உறுதியைப் பிறகு பக்கத்துப் பட்டறை கொடுத்தது. மின் வண்டியில் அதை இனி யார் கொடுப்பார்கள் என்பதே பாக்கியிருக்கும் கணக்கு. ஷோரூமில் கேட்க வேண்டியது பேட்டரி எந்த நாடு என்பதல்ல. எட்டு வருஷம் கழித்து அது செத்துப்போனால் மாற்றுப் பேட்டரி என்ன விலை, அதை மாற்றித்தர அருப்புக்கோட்டைக்குள் ஆள் இருப்பாரா என்பதுதான். இதற்கு எழுத்தில் பதில் சொல்லும் கம்பெனி எந்த நாட்டதானாலும் இந்த ஊர் வாங்கும். சொல்ல முடியாத கம்பெனி உள்ளூர்ப் பெயரையே டேங்கில் எழுதி வந்தாலும், ஊர் ஸ்ப்ளெண்டருக்கே திரும்பிவிடும்.